ஆறு பெரிதா, ஐந்து பெரிதா? ஸ்காட்லாந்து கவுன்சில் தேர்தலில் ஒரு விசித்திரம்

ஆறு பெரிதா, ஐந்து பெரிதா? பள்ளிக்கூடத்துப் பிள்ளையைக் கேட்டால், "ஆறுதான் பெரிது" என்று பட்டென்று சொல்லிவிடும். ஆனால் ஸ்காட்லாந்தில் ஒரு கவுன்சிலில் இந்தக் கணக்குச் செல்லவில்லை. 2022-ம் ஆண்டு மே மாதம் 5-ந் தேதி அங்கே தேர்தல் நடந்தது. 6 இடம் பிடித்த கட்சி எதிர்வரிசையில் போய் உட்கார்ந்தது. 5 இடம் பிடித்த கட்சி நிர்வாகத்துக்கு வந்தது.

அதற்கு முந்தின தேர்தலிலும் இதே கதைதான். 2017-ல் 7 இடம் பெற்று முதலில் வந்த கட்சி வெளியே நின்றது. 5 இடம் பெற்ற கட்சியும், 4 இடம் பெற்ற கட்சியும் கைகோத்து நிர்வாகத்தைப் பிடித்துக்கொண்டன.

இதில் மோசடி ஒன்றும் இல்லை. எல்லாம் சட்டப்படியே நடந்தது.

பட்டணத்தை ஒட்டிய ஊர்கள்

அந்தக் கவுன்சிலின் பெயர் கிழக்கு ரென்புருஷயர். ஸ்காட்லாந்தின் மிகப் பெரிய பட்டணமான கிளாஸ்கோவின் தெற்கு எல்லையை ஒட்டி இருக்கிறது. ஏறக்குறைய 97 ஆயிரம் ஜனங்கள் வசிக்கிறார்கள்.

இங்கே இரண்டு விதமான ஊர்கள் உண்டு. நியூட்டன் மேர்ன்ஸ், கிப்னாக், கிளார்க்ஸ்டன் ஆகியவை ஒரு விதம். முன்னால் சிறு தோட்டம் வைத்த வீடுகள். காலையில் கிளாஸ்கோவுக்கு வேலைக்குப் போய், மாலையில் திரும்புகிற குடும்பங்கள். இன்னொரு விதம், பார்ஹெட். இது தொழிலாளர் ஊர். கழிப்பறைக்கும் குளியலறைக்கும் வேண்டிய பீங்கான் சாமான்கள் செய்த ஷாங்க்ஸ் கம்பெனி இந்த ஊரில்தான் இருந்தது. 1992-ல் அந்த ஆலையை மூடிவிட்டார்கள்.

(ஈகிள்ஷம் என்ற கிராமமும் இந்தக் கவுன்சிலைச் சேர்ந்ததே. 1941-ல், யுத்தம் நடக்கும்போது, ஹிட்லரின் வலது கையாக இருந்த ஹெஸ் தன்னந்தனியாக விமானத்தில் பறந்து வந்து, பாரசூட் கட்டிக்கொண்டு குதித்தது இந்தக் கிராமத்தின் பக்கத்தில்தான். அது தனிக் கதை!)

இந்த வட்டாரத்துப் பள்ளிக்கூடங்களுக்கு நல்ல பெயர். பிள்ளைகள் படிப்புக்காகவே இங்கே வீடு தேடி வருகிற தாய் தகப்பன்மார் உண்டு. அந்தப் பள்ளிக்கூடங்களை நடத்துவது கவுன்சில். தெருவைப் பழுது பார்ப்பது, குப்பை அள்ளுவது, நூலகம் நடத்துவது, தள்ளாத வயதானவர்களைக் கவனிப்பது எல்லாம் கவுன்சிலின் வேலையே. இதற்கு வேண்டிய பணத்தில் பெரும் பகுதி எடின்பரோவில் உள்ள ஸ்காட்லாந்து சர்க்காரிடமிருந்து வருகிறது. மீதியை வீட்டுக்கு வீடு கவுன்சில் வரியாக வசூலிக்கிறார்கள். ஆகையால் நாற்காலியில் யார் உட்காருகிறார்கள் என்பது வீட்டுச் செலவைத் தொடுகிற விஷயம்.

படி நிறைந்தால் வழியும்

அங்கே ஓட்டுப் போடும் முறையே வேறு. நம் ஊரைப்போல ஒருவருக்கு மட்டும் முத்திரை குத்தவோ, பட்டனை அழுத்தவோ தேவை இல்லை. சீட்டில் இருக்கும் பெயர்களுக்கு நேரே 1, 2, 3 என்று எண் போடவேண்டும். "எனக்கு முதலில் இவர். இவர் இல்லாவிட்டால் அவர். அவரும் இல்லாவிட்டால் இன்னொருவர்" என்று அர்த்தம். 2007-ம் ஆண்டிலிருந்து கவுன்சில் தேர்தல்களில் இந்த முறைதான்.

ஒரு வார்டுக்கு ஒரு கவுன்சிலர் அல்ல. 3 அல்லது 4 பேர். கிழக்கு ரென்புருஷயரில் 5 வார்டுகள், மொத்தம் 18 கவுன்சிலர்கள்.

ஒரு வார்டில் 4 இடம், 5,000 ஓட்டு என்று வைத்துக்கொள்வோம். இடத்தோடு ஒன்றைக் கூட்டினால் 5. ஓட்டை 5-ஆல் வகுத்தால் 1,000. அதோடு 1 சேர்த்தால் 1,001. இவ்வளவு ஓட்டு வாங்கியவர் ஜெயித்தவர். நெல் அளக்கும் படி நிறைந்துவிட்டால் மேலே விழுவது வழியும் அல்லவா? அதேபோல 1,001-க்கு மேல் வாங்கிய ஓட்டின் பலன் வீணாகாமல், அந்தச் சீட்டுகளில் 2 என்று குறித்தவருக்குப் போகும். யாருக்கும் படி நிறையாவிட்டால், கடைசியில் நிற்கும் அபேட்சகரை நீக்கி, அவருடைய சீட்டுகளை அடுத்த எண் பெற்றவர்களுக்குப் பங்கிடுவார்கள். மனிதர் எண்ணினால் நாள் கணக்கில் ஆகும். ஆகையால் மெஷின் எண்ணுகிறது.

இந்த முறையில் ஒரே கட்சி அள்ளிக்கொண்டு போவது சிரமம். சிறிய கட்சிக்கும் இடம் கிடைக்கும். ஊரில் பெயரெடுத்த சுயேச்சைக்கும் கிடைக்கும். 16 வயது முடிந்தவர்களுக்கும் அங்கே ஓட்டு உண்டு. சட்டப்படி குடியிருக்கும் வெளிநாட்டாருக்கும் உண்டு.

யாருக்கு எத்தனை?

2022-ல் ஸ்காட்டிஷ் தேசியக் கட்சிக்கு 6 இடம். கன்சர்வேடிவ் கட்சிக்கு 5. தொழிற்கட்சிக்கு 5. சுயேச்சைகள் 2 பேர். 2017-ல் கன்சர்வேடிவ்களுக்கு 7 இடம் இருந்தது. தேசியக் கட்சிக்கு 5, தொழிற்கட்சிக்கு 4, சுயேச்சைகள் அப்போதும் 2.

கன்சர்வேடிவ்கள் ஏன் இறங்கினார்கள்? உள்ளூர் கவுன்சிலர்களை மட்டும் குற்றம் சொல்வது நியாயம் ஆகாது. ஊரடங்குச் சட்டம் போட்ட பிரதமர் போரிஸ் ஜான்சனே, ஊரடங்கு நாளில் தன் பிறந்த நாளுக்காகக் கூடிய கூட்டத்தில் இருந்தார் என்று போலீசார் அபராதம் விதித்தார்கள். அபராதம் விழுந்தது ஏப்ரலில். ஓட்டுப் பதிவு மே மாதத்தில். ஆறப்போட நாள் இல்லை. ஸ்காட்லாந்து முழுவதிலும் 2017-ல் 276 இடம் பிடித்த கன்சர்வேடிவ் கட்சி, 2022-ல் 214 இடத்தோடு மூன்றாவதாக நின்றது. தேசியக் கட்சி 453, தொழிற்கட்சி 282.

சேர முடியாத பதினொன்று

18-ல் பாதிக்கு மேல் என்றால் 10 பேர் வேண்டும். தேசியக் கட்சியின் 6-ம் கன்சர்வேடிவ்களின் 5-ம் சேர்ந்தால் 11. ஆனால் அவர்கள் எலியும் பூனையும். ஸ்காட்லாந்து தனி நாடாக வேண்டும் என்பது தேசியக் கட்சியின் உயிர்க் கொள்கை. கூடவே கூடாது என்பது கன்சர்வேடிவ்களின் பிடிவாதம். குப்பை அள்ளும் கவுன்சிலிலும் இந்தச் சண்டை வந்து புகுந்துகொள்கிறது.

2014-ல் தனி நாடு வேண்டுமா என்று ஜனங்களைக் கேட்டபோது, கிழக்கு ரென்புருஷயரில் 100-க்கு 63 பேர் "வேண்டாம்" என்றார்கள். அப்படிப்பட்ட இடத்தில் தனி நாடு கேட்கும் கட்சி எப்படி முதலில் வந்தது? "வேண்டாம்" என்ற கூட்டம் கன்சர்வேடிவ், தொழிற்கட்சி என்று இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. "வேண்டும்" என்கிறவர்களில் பெரும்பாலோர் ஒரே கட்சியின் பின்னால் நிற்கிறார்கள்.

2017-ல் தேசியக் கட்சியும் தொழிற்கட்சியும் சேர்ந்தன. தேசியக் கட்சியின் டோனி புக்கானன் தலைவரானார். 2022-ல் அந்த வழி அடைபட்டுவிட்டது. யாரோடும் முறையான கூட்டு இல்லை என்று ஸ்காட்லாந்து தொழிற்கட்சித் தலைவர் அனஸ் சர்வார் தேர்தலுக்கு முன்பே சொல்லிவிட்டார். அது வெறும் பேச்சு அல்ல. 2017-ல் அபர்டீனில் கன்சர்வேடிவ்களோடு சேர்ந்த 9 கவுன்சிலர்களைத் தொழிற்கட்சி சஸ்பெண்டு செய்ததை எல்லோரும் பார்த்திருந்தார்கள்.

ஆகவே தொழிற்கட்சி தனியே அடி எடுத்து வைத்தது. சுயேச்சை ஒத்துழைப்போடு ஓவன் ஓ'டானல் கவுன்சில் தலைவரானார். 5-உடன் சுயேச்சைகள் 2 பேரையும் கூட்டினாலும் 7 தான். ஆகையால் வரவு செலவுத் திட்டத்தை நிறைவேற்ற எதிர்வரிசையில் சிலரை இந்தப் பக்கம் இழுக்கவேண்டும். அல்லது அவர்கள் கை தூக்காமல் சும்மா இருக்கவேண்டும். இது மெல்லிய கயிற்றின்மேல் நடக்கிற நடை.

இந்த ஜனங்களின் மனசைக் கணிப்பதும் லேசு அல்ல. பார்லிமெண்டு தேர்தலில் 2015-ல் தேசியக் கட்சி ஜெயித்தது. 2017-ல் கன்சர்வேடிவ், 2019-ல் மறுபடி தேசியக் கட்சி, 2024-ல் தொழிற்கட்சி. ஒன்பது வருஷத்தில் ஒரு தடவைகூட ஒரே கட்சியை அடுத்தடுத்து அனுப்பவில்லை. 2022-ல் தேர்ந்தெடுத்த கவுன்சிலின் ஆயுள் 5 வருஷம். அது 2027 மே மாதத்தோடு முடிகிறது.