குரல் கேட்டு ஓடும் மோட்டார்: கிணற்றடியில் நிற்பவர் கைக்கே முதலிடம்

வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தபடி "மோட்டாரைப் போடு" என்று சொன்னால் போதும், தோட்டத்துக் கிணற்றில் தண்ணீர் ஏறத் தொடங்கிவிடும் என்று சொல்லிச் சாதனங்கள் விற்பனைக்கு வந்துவிட்டன. நகரத்து வீடுகளில் விளக்கு, விசிறி, டெலிவிஷன் ஆகியவற்றை வாய்ச்சொல்லால் இயக்குவதற்காக வந்த ஏற்பாடுதான் இப்போது வயலை எட்டிப் பார்க்கிறது. சங்கரன்கோவில் வட்டாரத்துச் சிறு விவசாயிக்கு வீட்டு விளக்கின் சுவிட்சு கை எட்டும் தூரத்திலேயே இருக்கிறது. அதற்குக் குரல் கொடுக்கும் பெட்டி தேவையில்லை. மோட்டார்ச் சுவிட்சுதான் தொலைவில் இருக்கிறது. ஆகவே இந்தப் புதுமை பயனுள்ளதா என்பதைக் கிணற்றடியில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

தேவை இருக்கிறது என்பதில் சந்தேகமில்லை. இந்தப் பக்கத்துத் தோட்டங்கள் பெரும்பாலும் கிணற்றை நம்பியவை. பங்குனி, சித்திரையில் பல கிணறுகளில் மோட்டார் சிறிது நேரம் ஓடினாலே தண்ணீர் வற்றிவிடும். நிறுத்திவிட்டு, ஊற்று ஊறும் வரை காத்திருந்து, மறுபடி போட வேண்டும். மல்லிகைக்கும் எலுமிச்சைக்கும் ஒரு தண்ணீர் பாய்ச்சி முடிப்பதற்குள் வீட்டுக்கும் தோட்டத்துக்குமாக எத்தனை நடை! மும்முனை மின்சாரம் இரவில் வரும் நாட்களில் கைவிளக்கை எடுத்துக்கொண்டு வரப்பில் நடப்பதும் உண்டு. அந்த நடையில் உயிருக்கே ஆபத்து இருக்கிறது. 2000 முதல் 2019 வரையிலான 20 ஆண்டுகளில் இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் என்று 2020இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டிருக்கிறது. இறந்தவர்களில் பெரும்பாலோர் கிராமத்தவர்கள். பாம்புக்கடியை அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாகத் தமிழக அரசு 2024 நவம்பரில் அறிவித்தது. இரவு நடையைக் குறைக்கும் எந்தச் சாதனமும் வரவேற்கத் தக்கதே.

ஆனால் அந்த நடையைக் குறைக்கக் குரல் பெட்டிதான் வேண்டும் என்பதில்லை. தொலைவிலிருந்து மோட்டாரைப் போடும் வழி இந்தியாவில் பல ஆண்டுகளாகவே உள்ளது. புனேயைச் சேர்ந்த சந்தோஷ் ஓஸ்த்வால் என்ற பொறியாளர் உருவாக்கிய 'நானோ கணேஷ்' என்னும் கருவி, 2009இல் நோக்கியா நிறுவனம் நடத்திய உலகப் போட்டியில் பரிசு பெற்றது. ஸ்டார்ட்டர் பெட்டியோடு ஒரு சிம் கார்டு உள்ள கருவியை இணைத்துவிடுகிறார்கள். விவசாயி தம் கைபேசியிலிருந்து அந்த எண்ணுக்குப் பேசி, குறித்த எண்களை அழுத்துகிறார். மோட்டார் ஓடுகிறது, நிற்கிறது. சாதாரணப் பொத்தான் போனே போதும், இன்டர்நெட் வேண்டியதில்லை. இவ்வகைக் கருவிகளுக்குத் தமிழக அரசின் வேளாண்மைப் பொறியியல் துறை சமீப ஆண்டுகளில் மானியம் அளித்து வந்திருக்கிறது. இவ்வாண்டு ஒதுக்கீடு உண்டா என்பதைத் துறை அலுவலகத்தில் கேட்டறிந்த பின்னரே கடைக்குச் செல்வது சிக்கனம்.

குரல் பெட்டி வேலை செய்யும் விதம் வேறு. சொன்ன சொல்லை அது கிணற்றுக்கு நேரே அனுப்புவதில்லை. பேச்சு இன்டர்நெட் வழியாக எங்கோ உள்ள நிறுவனத்தின் கம்ப்யூட்டருக்குப் போகிறது. அங்கே சொல் எழுத்தாக மாற்றப்பட்டு, பொருள் கண்டறியப்பட்டு, சுவிட்சு தயாரித்த வேறொரு நிறுவனத்தின் கம்ப்யூட்டருக்குக் கட்டளையாகச் செல்கிறது. அங்கிருந்துதான் தோட்டத்துக்கு வருகிறது. இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் மோட்டார் ஓடாது. ஓடாவிட்டால்கூடப் பரவாயில்லை, ஓடிக்கொண்டிருப்பது நிற்காமல் போவதுதான் தொல்லை. கிணறு வற்றிய பிறகும் ஓடினால் மோட்டார் காயில் கருகிவிடும். ரீவைண்டிங் செலவு ஒரு போகத்து லாபத்தை விழுங்கக்கூடியது.

மொழியும் ஒரு தடை. அமேசானின் அலெக்சா 2017இல் இந்தியாவுக்கு வந்தபோது ஆங்கிலம் மட்டுமே அறிந்திருந்தது. 2019இல் இந்தி சேர்க்கப்பட்டது, தமிழுக்கு அப்போது இடமில்லை. 2024இல் கூகுளின் ஜெமினி கைபேசிச் செயலி தமிழ் உட்பட 9 இந்திய மொழிகளில் வந்தது. எனவே தமிழில் பேசிக் காரியம் முடிக்கும் வழி திறந்துவிட்டது என்றே சொல்லலாம். ஆனாலும் எந்தத் தமிழ் என்ற கேள்வி நிற்கிறது. இந்தச் சீமையில் விளக்கை "அமத்து" என்பார்கள், மோட்டாரை "நிப்பாட்டு" என்பார்கள். செய்தி வாசிக்கும் தமிழுக்குப் பழகிய கருவிக்கு இது விளங்குமா? அறுபது வயதுக்காரர் தம் பேச்சை மாற்றிக்கொண்டு கருவிக்காக "மோட்டாரை நிறுத்தவும்" என்று இலக்கணமாகப் பேச வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமல்ல. வாங்குமுன் வீட்டுப் பெரியவரையும் கடைக்கு அழைத்துப் போய், அவர் வழக்கமாகப் பேசுகிறபடியே பேசச் சொல்லிப் பார்ப்பது நல்லது.

இன்னொரு விநோதமும் உண்டு. இந்தப் பெட்டி எஜமானரின் குரலுக்கு மட்டுமே பணியும் என்ற உறுதி இல்லை. 2017 ஜனவரியில் அமெரிக்காவின் சான் டியேகோ நகரில், ஒரு சிறுமி அலெக்சா மூலம் பொம்மை வீடு வாங்கிவிட்ட செய்தியை டெலிவிஷன் அறிவிப்பாளர் சொல்லும்போது அந்த வாக்கியத்தைத் திரும்பச் சொன்னார். அதைக் கேட்டுத் தங்கள் வீட்டுப் பெட்டிகளும் பொம்மை வீட்டுக்கு ஆர்டர் கொடுக்க முயன்றதாக நேயர்கள் புகார் செய்தார்கள். அதே ஆண்டு ஏப்ரலில் பர்கர் கிங் என்ற உணவுக் கம்பெனி, வீடுகளில் உள்ள கூகுள் பெட்டிகள் விழித்துக்கொள்ளும்படி வேண்டுமென்றே ஒரு விளம்பரம் தயாரித்து ஒளிபரப்பியது. அதன் பின்னர் குரலை அடையாளம் காணும் வசதிகள் வந்துள்ளன என்றாலும், வீட்டில் விளையாடும் பேரனின் குரலைப் பெட்டி கேட்காது என்று யாரும் எழுதிக் கொடுப்பதில்லை. பொம்மை வீட்டைத் திருப்பி அனுப்பிவிடலாம். கிணற்றுக்குள் ஆள் இறங்கியிருக்கும் நேரத்தில் மோட்டார் ஓடினால் திருப்ப முடியுமா?

இங்கேதான் விஷயத்தின் உயிர்நிலை இருக்கிறது. சுவிட்சு கிணற்றடியில் மட்டும் இருந்த காலத்தில், மோட்டாரைப் போடுகிறவர் கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டுப் போடுவார். உள்ளே யாராவது ஃபுட் வால்வில் அடைத்த பாசியை எடுத்துக்கொண்டிருக்கலாம். பைப்பின் ஃபிளாஞ்சை முடுக்கிக்கொண்டிருக்கலாம், கேபிளைத் தொட்டுக்கொண்டிருக்கலாம். சுவிட்சு வீட்டுக்கு வந்துவிட்டால், போடுகிற கண்ணும் கிணற்றடியும் பிரிந்துவிடுகின்றன. மனைவி வீட்டிலிருந்து போடுவார், கணவர் கிணற்றுக்குள் இருப்பார். தானாகவே மோட்டாரைப் போடும் 'ஆட்டோ' சுவிட்சிலும் இதே அபாயம் பல ஆண்டுகளாக உண்டு. கரண்டு வந்ததும் யாரும் இல்லாமலே அது ஓடத் தொடங்கும். குரல் பெட்டி அந்த அபாயத்தை இன்னும் பல கைகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்கிறது.

பழைய தலைமுறை இதற்கு ஒரு முறை வைத்திருந்தது. கிணற்றில் இறங்குமுன் மெயின் சுவிட்சை அணைத்து, மூன்று ஃபியூஸ் கட்டைகளையும் பிடுங்கி மடியில் கட்டிக்கொண்டு இறங்குவார்கள். ஃபியூஸ் தன் மடியில் இருக்கும்வரை ஊரில் யார் எந்தச் சுவிட்சைத் தட்டினாலும் கவலையில்லை. நூறு கருவி வந்தாலும் இந்த வழக்கத்தை விட்டுவிடலாகாது. கைபேசிச் செயலியில் 'ஆஃப்' என்று தெரிவதை நம்பி இறங்குவது விபரீதம்.

கருவி செய்வோருக்கும் ஒரு பொறுப்பு உண்டு. ஸ்டார்ட்டர் பெட்டியில் சாவி போட்டுப் பூட்டக்கூடிய ஒரு சுவிட்சு இருக்க வேண்டும். அதைக் 'கையால் மட்டும்' என்ற பக்கம் திருப்பிச் சாவியை எடுத்துக்கொண்டால், போன் அழைப்பும் குரலும் செயலியும் மோட்டாரைத் தொட இயலாதபடி வயரிங்கிலேயே துண்டிக்கப்பட வேண்டும். பெரிய ஆலைகளில் பழுது பார்க்கும் தொழிலாளி சுவிட்சைப் பூட்டி, சாவியைத் தன்னிடமே வைத்துக்கொள்வது வழக்கம். ஆலைத் தொழிலாளிக்கு உள்ள காப்பு கிணற்றில் இறங்கும் விவசாயிக்கும் வேண்டும். மானியம் கொடுக்கும் துறை இதை ஒரு நிபந்தனையாகவே விதிக்கலாம்.

அடுத்தது, கருவி தரும் பதில். "போட்டுவிட்டேன்" என்று அது சொல்வதற்கும் மோட்டார் உண்மையில் ஓடுவதற்கும் வித்தியாசம் உண்டு. மலிவான கருவிகள், தாம் கட்டளை அனுப்பியதையே மோட்டார் ஓடுவதாகச் சொல்லிவிடும். நல்ல கருவி மோட்டாருக்குப் போகும் மின்னோட்டத்தை அளந்து பார்த்துச் சொல்லும். ஆம்பியர் விழுந்துவிட்டால் தண்ணீர் இல்லாமல் ஓடுகிறது என்று அறிந்து தானே நிறுத்தும். ஒரு பேஸ் போனாலும் நிறுத்தும். இரண்டு பேஸில் கண்டன்சர் வைத்து ஓட்டுவதற்காக இந்தப் பாதுகாப்பையே கழற்றி எறிந்துவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். அருகில் நின்று சத்தத்தைக் கேட்டு ஓட்டும்போதே அது ஆபத்து, அப்படியிருக்க வீட்டிலிருந்து ஓட்டுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். குரல் வசதிக்குப் போகும் பணத்தில் முதலில் உலர் ஓட்டத் தடுப்பும், பேஸ் தடுப்பும், ஸ்டார்ட்டருக்குச் சரியான எர்த்தும் போட்டுக்கொள்வதே புத்திசாலித்தனம். இவை மூன்றும் இல்லாத பம்புசெட்டுக்குக் குரல் பெட்டி வாங்குவது, கூரை இல்லாத வீட்டுக்கு மின்விசிறி வாங்குவது போலாகும்.

கருவி யார் பெயரில் இருக்கிறது என்பதும் கவனிக்கத் தக்கது. திருப்பூரிலோ சென்னையிலோ வேலை பார்க்கும் மகன், ஊருக்கு வந்தபோது வாங்கி மாட்டிவிட்டுப் போகிறான். பதிவு அவன் போன் எண்ணில். ஓ.டி.பி. அவனுக்குத்தான் வரும். அவன் போனை மாற்றினாலும் தொலைத்தாலும், தோட்டத்தில் நிற்கும் தகப்பனார் தம் மோட்டாரைத் தாமே போட முடியாமல் விழிப்பார். பதிவு தோட்டத்தில் உழைப்பவரின் எண்ணில்தான் இருக்க வேண்டும், மகன் எண்ணை இரண்டாவதாகச் சேர்த்துக்கொள்ளலாம். கிணற்றில் கூட்டுப் பாத்தியதை உள்ள இடங்களில் இது இன்னும் முக்கியம். முறை வைத்துத் தண்ணீர் இறைக்கும் கிணற்றில் ஒரு பங்காளியின் போனில் மட்டும் மோட்டார் அடங்கிவிட்டால் பிராது பஞ்சாயத்துக்குத்தான் போகும்.

சிம் கார்டு விஷயத்திலும் பலர் ஏமாறுகிறார்கள். 2ஜி அலைவரிசைக்கு மட்டும் செய்யப்பட்ட கருவியில் ஜியோ சிம் வேலை செய்யாது, ஏனெனில் ஜியோவுக்கு 2ஜி சேவையே இல்லை. கிணற்றடியில் எந்தக் கம்பெனியின் சிக்னல் நிற்கிறது என்பதைப் பார்த்துவிட்டே கருவியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மாதாமாதம் ரீசார்ஜ் செய்ய மறந்தால் அவசரத்துக்கு மோட்டார் ஓடாது. டேட்டா இல்லாமல் பேச்சுக்கும் எஸ்.எம்.எஸ்.ஸுக்கும் மட்டும், 365 நாள் வரை செல்லுபடியாகும் திட்டங்களுக்கு டிராய் 2024 டிசம்பரில் வழி செய்தது. மோட்டார் சிம்முக்கு அதுவே போதும், டேட்டாவோடு சேர்ந்த திட்டத்துக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. ஆனால் குரல் பெட்டி வழியாக இயக்குவதானால் இன்டர்நெட் அவசியம், செலவும் அதற்கேற்பக் கூடும்.

இதனாலெல்லாம் குரல் வசதியே வேண்டாம் என்பதல்ல. கண் மங்கிய முதியவருக்கு, கை நடுங்குபவருக்கு, எழுத்துக் கூட்டிப் படிக்க இயலாதவருக்குப் பொத்தானைத் தேடுவதைவிட வாயால் சொல்வது எளிது. செயலியில் ஆங்கிலத்தில் மின்னும் பத்துப் படங்களைவிடத் தமிழில் ஒரு வார்த்தை மேல். நிறுத்தும் கட்டளையைக் குரலுக்கு உடனே கொடுத்துவிடலாம், தவறாக நின்றுபோனால் நஷ்டம் சொற்பம். ஓட்டும் கட்டளைக்கு மட்டும் கருவி ஒரு முறை திருப்பிக் கேட்டு, "ஆமாம்" என்ற பதிலைப் பெற்ற பின்னரே ஓட்ட வேண்டும். இந்த ஒரு கேள்விக்கு ஆகும் நேரம் சில நொடிதான்.

கருவி மாட்டிய அன்றே ஒரு சோதனை செய்து பார்த்துவிட வேண்டும். மெயினை அணைத்துவிட்டு, எலெக்ட்ரீஷியனைக் கொண்டு ஸ்டார்ட்டரிலிருந்து மோட்டாருக்குப் போகும் ஒயர்களைக் கழற்றி வைக்கச் சொல்லவும். மறுபடி மெயினைப் போட்டு, சற்றுத் தள்ளி நின்று மோட்டாரைப் போடும்படி கருவிக்குக் கட்டளை கொடுத்து, "ஓடுகிறதா?" என்று கேட்கவும். "ஓடுகிறது" என்று பதில் வந்தால், அந்தக் கருவியைப் பில்லோடு கடைக்கே திருப்பிக் கொடுத்துவிடலாம்.