குலுக்கலும் கணக்குத் தாளும்

இருக்கும் இடங்கள் பத்து. விண்ணப்பித்தவர்களோ நூறு பேர். எல்லோருக்கும் ஒரே யோக்கியதை. இத்தகைய சங்கடத்தில் சீட்டுக் குலுக்கிப் போடுவதே நியாயம் என்பதை நேயர்கள் ஒப்புக்கொள்வார்கள். ஆனால் குலுக்குகிற கை சரியாகக் குலுக்குமா?

1969-ம் வருஷம் டிசம்பர் 1-ந் தேதி அமெரிக்காவில், வியட்நாம் யுத்த காலத்தில், வாலிபர்களைப் பட்டாளத்துக்கு அழைக்கும் வரிசையைச் சீட்டெடுத்துத் தீர்மானித்தார்கள். பிறந்த தேதிகள் 366-ஐயும் சிறு குப்பிகளில் இட்டு, மாத வாரியாகப் பெட்டியில் சேர்த்தார்கள், கலந்ததுதான் போதவில்லை. வருஷக் கடைசியில் பிறந்தவர்களுக்கே முன்வரிசை எண்கள் அதிகமாக விழுந்தன. உயிரோடு விளையாடும் விஷயத்தில் இது சிறிய பிசகா?

இன்று அந்த வேலையைக் கம்ப்யூட்டரிலுள்ள எக்ஸெல் கணக்குத் தாளே செய்துவிடும். ஒரு கட்டத்தில் 'ராண்ட்' என்னும் சூத்திரத்தை இட்டால், பூஜ்யத்துக்குக் குறையாமலும் ஒன்றை எட்டாமலும் ஓர் எண் வந்து நிற்கும். 'ராண்ட்பிட்வீன்' என்பதற்கு 1, 100 என்று எல்லை கொடுத்தால், அவற்றுக்குள் ஒரு முழு எண் கிடைக்கும். ஆனால் பத்துப் பேரைப் பொறுக்க இது மட்டும் உதவாது. ஒரே எண் இரு முறை வந்துவிடக்கூடும். பெயர்களை ஒரு பத்தியில் எழுதி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் 'ராண்ட்' இட்டு, அந்த எண்களின்படி வரிசைப்படுத்தி, முதல் பத்துப் பேரை எடுத்துக்கொள்வதே முறை.

இயந்திரம் கலக்கச் சோம்பாது என்பது வாஸ்தவம். எக்ஸெல் 2010-ம் வருஷப் பதிப்பு முதல் கையாளும் 'மெர்ஸேன் ட்விஸ்டர்' முறையில் எண்கள் கணக்கினாலேயே பிறக்கின்றன. ஆயினும் அந்த வரிசை மறுபடி முதலிலிருந்து தொடங்க, 19,937 இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி ஒன்றைக் கழித்தால் வரும் அத்தனை எண்கள் கடந்தாக வேண்டும்!

அபாயம் வேறிடத்தில் இருக்கிறது. தாளில் எதைத் திருத்தினாலும் அந்த எண்கள் உடனே மாறிவிடும். எஃப்9 விசையைத் தட்டினாலும் மாறும். வேண்டியவர் பெயர் மேலே வரும் வரையில் ஒருவர் தட்டிக்கொண்டேயிருக்கலாம். எத்தனை முறை தட்டினார் என்பதற்குத் தாளில் சாட்சியம் இராது. ஆகையால் எண்கள் விழுந்ததும் அவற்றை நகலெடுத்து, சூத்திரத்தை விட்டு மதிப்பை மட்டும் ஒட்டி, பிறகே வரிசைப்படுத்த வேண்டும். அதுவும் சபையோர் கண்ணெதிரே, ஒரே முறை.

இந்த எச்சரிக்கை நமக்குப் புதிதன்று. முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுக்கள் குடவோலை எடுக்கும் விதியைக் கூறுகின்றன. உள்ளே இருப்பதை அறியாத ஒரு சிறுவன் ஓலையை எடுக்க வேண்டும். வாங்கும் மத்தியஸ்தன் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் ஏற்க வேண்டும். அவன் வாசித்த ஓலையை அங்குள்ள நம்பிமார் எல்லோரும் வாசிக்க வேண்டும். விரல் மூடியிருந்தால் ஓலை மாறிவிடலாம் அல்லவா?

குடம் போய்க் கணக்குத் தாள் வந்துவிட்டது. விரலை விரித்துக் காட்டும் கடமை மட்டும் நம்மை விட்டுப் போகவில்லை.