இயற்கைன்னா ஆபத்தே இல்லையா?

கலெக்டர் ஆபீஸே எங்க வேங்கிக்கால்லதான் இருக்கு. திருவண்ணாமலையில அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கு. ஆனாலும் ஒரு பொண்ணு உண்டானா, என்ன சாப்பிடணும்னு முடிவு பண்றது பக்கத்து வீட்டு அக்காவும் டி.வி. விளம்பரமும்தான்.

அரசாங்கம் சும்மா தர்ற இரும்புச்சத்து மாத்திரை நாலாவது மாசத்திலிருந்து தினம் ஒண்ணு, 180 நாள். 60 மில்லிகிராம் இரும்பு, 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம். இது பல வீட்டுல குப்பைக்குப் போகுது. ஏன்? குமட்டுதாம், மலம் கருப்பாப் போகுதாம், குழந்தையும் கருப்பாப் பொறக்குமாம்! (குங்குமப்பூ குடிச்சா சிவப்பாப் பொறக்கும்னு சொல்ற அதே வாய்தான்.) உடம்பு எடுத்துக்காத இரும்பு வெளியே போறதாலதான் அந்தக் கருப்பு. குழந்தை நிறத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்புல தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகள்ல 48 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இந்த லட்சணத்துல மாத்திரையைத் தூக்கிப் போட்டுட்டு, காசு கொடுத்து டப்பா வாங்கறோம். ஹெல்த் சப்ளிமெண்ட் டப்பாவைத் திருப்பிப் பாருங்க, 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல'ன்னு இங்கிலீஷ்ல இருக்கும். 2016-ல வந்த உணவுப் பாதுகாப்பு விதியே அப்படிப் போடச் சொல்லுது.

அடுத்து, 'மூலிகைங்க, சைடு எஃபெக்டே கிடையாது' கோஷ்டி. 2011-12-ல நியூயார்க் நகரத்துல ஆறு கர்ப்பிணிகள் ரத்தத்துல ஈயம் அதிகமா இருந்ததைக் கண்டுபிடிச்சாங்க. ஆறு பேருமே இந்தியாவிலிருந்து போன ஆயுர்வேத மருந்து சாப்பிட்டவங்க. ஈயம் தாயோட நிக்காது, நஞ்சுக்கொடி தாண்டிக் குழந்தைக்குப் போய் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். பாரம்பரியத்தைப் பழிக்கிறேன்னு சண்டைக்கு வராதீங்க. பாட்டி ஆஞ்சு வச்ச முருங்கைக்கீரையை நான் ஒண்ணும் சொல்லலை. உள்ளே என்ன இருக்குன்னே தெரியாத பொட்டல மாத்திரையைத்தான் சொல்றேன்.

இங்கிலீஷ் விட்டமினும் ரொம்ப யோக்கியமில்லை. 1995-ல 22,000க்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளை வச்சு வந்த அமெரிக்க ஆய்வுல, ரெட்டினால் வகை விட்டமின் ஏ-வை மாத்திரையா தினம் 10,000 யூனிட்டுக்கு மேல சாப்பிட்டவங்களுக்குப் பிறவிக் குறைபாடுள்ள குழந்தைகள் கூடுதல். டாக்டர் எழுதினது ஒண்ணு, மெடிக்கல் ஷாப்ல 'சத்துக்கு' வாங்கினது ஒண்ணு, நாத்தனார் கொடுத்தது ஒண்ணுன்னு விழுங்கறவங்க கூட்டிப் பாருங்க.

அதுக்காக மாத்திரையே வேணாம்னு சொல்லலை. தண்டுவடக் குறையோட குழந்தை பெத்தவங்களுக்கு மறுபடி அப்படி நடக்கிறதை ஃபோலிக் அமிலம் 72 சதவீதம் குறைக்குதுன்னு 1991-லேயே நிரூபிச்சாச்சு. ஆனா கருத்தரிச்சு நாலே வாரத்துல நரம்புக்குழாய் மூடிடும். நாள் தள்ளிப்போச்சுன்னு தெரிஞ்சு கடைக்கு ஓடறதுக்குள்ள பாதி நேரம் போயிடுது. கல்யாணமான உடனே இதைச் சொல்ல ஆள் இல்லை, குங்குமப்பூ வாங்க மட்டும் பத்துப் பேர்!

அப்புறம், இரும்பையும் கால்சியத்தையும் ஒண்ணா விழுங்காதீங்க. கால்சியம் இரும்பை உடம்புல சேர விடாது, டீயும் அப்படித்தான். எதை எப்போ போடணும்னு உங்க ஊர் கிராம சுகாதார செவிலியரைக் கேளுங்க. கேட்கப் போகும்போது வீட்டுல இருக்கிற டப்பா, பொட்டலம் எல்லாத்தையும் பையில போட்டு எடுத்துட்டுப் போங்க.