இலவசம்தான், ஆனா பத்துப் பேர் போயிடும்

பேராதனை, ஹிந்தகலையில் இருக்கும் தம்மகூட விபாசனா நிலையத்தில் பத்து நாள் தியானப் பயிற்சி முழுக்க இலவசம். தங்குறது, சாப்பாடு எல்லாம் முன்பு பயின்றவர்களின் நன்கொடையில் நடக்குது. நல்ல விஷயம். ஆனா பொல்பிட்டியப் பக்கத் தோட்டத்தில் கொழுந்தெடுக்கும் ஓர் அக்காவுக்கு அது இலவசமா? பத்து நாள் மலைக்குப் போகாவிட்டால் செக்ரோலில் பத்துப் பேர் விழாது. 2024இல் நிர்ணயித்த 1350 ரூபாய் அடிப்படைச் சம்பளத்தில் கணக்குப் பார்த்தாலே 13,500 ரூபாய் போச்சு. பிள்ளைகளை யார் பார்ப்பது என்பது தனிக் கணக்கு.

"கதவு எல்லாருக்கும் திறந்துதானே இருக்கு" என்பார்கள். கதவு சரி, வர்ற பாதை?

"புத்தர் சிங்களவங்க சாமி, நமக்கென்ன?" என்று நம்மாட்களும் ஒதுங்குறாங்க. அயோத்திதாசர் 1898இல் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார். அதன் கிளை கோலார் தங்கவயல் தமிழ்த் தொழிலாளர் மத்தியிலும் இயங்கியது. உழைக்கிறவங்க இருக்கிற இடத்துக்கே, அவங்க மொழியிலேயே சங்கம் போச்சு.

இங்கேயும் அதைத்தான் கேட்கிறோம். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணித்தியாலம், தோட்டத்து வாசிகசாலையிலோ பிள்ளைக்காம்பராவிலோ, தமிழில், மதம் மாறச் சொல்லாமல். சொல்லித்தர நம்ம பிள்ளைகளையே பழக்குங்க. "பத்து நாளும் இருந்தாத்தான் பயிற்சி" என்றால், அந்தப் பத்து நாள் சம்பளத்துக்கும் சேர்த்து நன்கொடை திரட்டுங்க.

ஒன்று மட்டும்: சம்பளப் போராட்டத்தை அடக்கும் மருந்தாகத் தியானத்தைக் கொண்டுவராதீங்க. மூச்சைக் கவனிச்சுக்கிட்டே கூலியையும் கேட்போம்.