உடற்பயிற்சி: தொடங்குவதும் தொடர்வதும்

டில்லிக்குப் படிக்க வரும் நம்மவருள் பலர் அறிவிலே வளர்வதற்கு முன்பே உடலிலே வளர்ந்துவிடுகின்றனர். காரணம் தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. காலையில் வெண்ணெய் மிதக்கும் ஆலு பராத்தா. மாலையில் சமோசாவும் சர்க்கரை மிகுந்த தேநீரும். இடையிலே ஆய்வுக்கூடத்தில் பத்து மணி நேர அமர்வு. போதாக்குறைக்கு ஊரிலிருந்து அன்னையார் அனுப்பிய முறுக்கு டப்பா! சென்ற ஆண்டு தைத்த கால்சட்டை இவ்வாண்டு இடுப்பில் ஏறுமா?

"ஏறாவிட்டால் வேறொன்று வாங்கினால் போயிற்று" என்பாரும் உளர். செய்தி அத்துணை எளிதன்று, நண்பர்களே! இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நடந்து 2023-ல் வெளியான ஆய்வு, நம் நாட்டில் நீரிழிவு உடையோர் ஏறக்குறைய 10 கோடியே 10 இலட்சம் பேர் என்று கணக்கிட்டது. உடல் நிறை எண் 25-ஐத் தொட்டால் மிகை எடை என்பது மேலை நாட்டார் கணக்கு. நமக்கோ 23-லேயே எச்சரிக்கை மணி அடிக்க வேண்டும் என்பது நம் மருத்துவர்களின் முடிவு. ஒரே எடையுள்ள மேலை நாட்டாரைவிட நம்மவர் உடலில் கொழுப்பு மிகுதி; அதிலும் வயிற்றைச் சுற்றி மிகுதி. என் தந்தையார் நாற்பத்தாறாம் வயதிலிருந்து மாத்திரை உண்கிறார். என் பெரியப்பா இந்நோயால் ஒரு காலை இழந்தார். எனக்கு வயது இருபத்து மூன்று. இதனை அழகு பற்றிய செய்தியாக நான் எப்படிக் கருத முடியும்?

உடற்பயிற்சிக்கூடம் செல்ல வேண்டும் என்பதில் நம்மிடையே கருத்து வேற்றுமை இல்லை. தொடங்குவோரும் குறைவல்லர். சனவரி முதல் வாரத்தில் டம்பெல் எடுக்க வரிசையில் நிற்க வேண்டியிருக்கிறது. மாசி பிறந்தால் டிரெட்மில்கள் ஆளின்றி உறங்குகின்றன. ஏன் இப்படி? 'மன உறுதி இல்லை' என்று ஒரே சொல்லில் தீர்ப்புக் கூறிவிடுகின்றனர். இதனை நான் மறுக்கிறேன். மன உறுதி இல்லாதவரா இரண்டு இரவுகள் ரயிலில் கழித்து, மொழி தெரியாத ஊருக்கு வந்து பட்டம் பெறுகிறார்? குறை உறுதியில் இல்லை, எதிர்பார்ப்பில் உள்ளது. பயிற்சிக்கூடத்திடம் அது தர இயலாததைக் கேட்கிறோம். தரக்கூடியதைப் பெறாமலே திரும்பிவிடுகிறோம்.

தர இயலாதது எது? விரைவான எடைக் குறைவு. ஒரு கிலோ உடற்கொழுப்பு ஏறக்குறைய 7,700 கிலோ கலோரி ஆற்றலுக்குச் சமம். எழுபது கிலோ எடையுள்ளவர் ஒரு மணி நேரம் விரைந்து நடந்தால் செலவாவது சுமார் 300. இரண்டு சமோசாவில் அது திரும்பி வந்துவிடும்! எடை பெரும்பாலும் குறைவது உணவுத் தட்டிலேதான். முதல் வாரத்தில் தராசு காட்டும் இரண்டு கிலோவும் பெரும்பாலும் நீரே. உடலில் சேமித்துள்ள கிளைக்கோஜன் தன்னைப்போல் மூன்று மடங்கு நீரைப் பிடித்து வைத்திருக்கிறது. அது செலவாகும்போது நீரும் வெளியேறுகிறது. மூன்றாம் வாரம் முள் அசையாமல் நின்றால், தராசையே நம்பியவர் மனம் உடைந்து போகிறார்.

வியர்வையை நம்புவோர் நிலையும் இதுவே. 2014-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியான கட்டுரையின்படி, 10 கிலோ கொழுப்பு கரைந்தால் 8.4 கிலோ கரியமில வாயுவாக மூச்சில் வெளியேறுகிறது, எஞ்சிய 1.6 கிலோவே நீராகிறது. சட்டை நனைவதைக் கொண்டு கொழுப்பைக் கணக்கிடுதல் வீண்.

அவ்வாறாயின் பயிற்சிக்கூடம் எதற்கு? உணவைக் குறைக்கும்போது கொழுப்போடு தசையும் கரைகிறது. பளு தூக்குவோரிடம் அத்தசை பெரிதும் காக்கப்படுகிறது. உழைக்கும் தசை, இன்சுலினை எதிர்பாராமலே இரத்தத்திலுள்ள சர்க்கரையை இழுத்துக்கொள்கிறது. தராசு முள் அசையாத வாரத்திலும் இவ்வேலை நடந்துகொண்டேயிருக்கிறது. என் குடும்பத்தாரை வாட்டிய நோய்க்கு எதிரான வேலையன்றோ அது!

ஆதலின் தராசை விடுத்து நாட்காட்டியைப் பாருங்கள் என்பேன். 21 நாளில் பழக்கம் படிந்துவிடும் என்பது அமெரிக்க அறுவை மருத்துவர் மாக்சுவெல் மால்ட்ஸ் 1960-ல் எழுதிய நூலிலிருந்து பரவிய கருத்து. இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியினர் 96 பேரைக் கொண்டு ஆராய்ந்து 2010-ல் வெளியிட்ட முடிவு வேறு: சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள், நடுவாக 66 நாள். ஒரு மண்டலம் என்று நம் பாட்டிமார் கூறும் 48 நாளும் கடந்த கணக்கு! ஆயினும் அவ்வாய்வில் மற்றொரு நற்செய்தியும் உண்டு. ஒரு நாள் தவறியது பழக்கம் படிவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. தேர்வுக்காக ஒரு நாள் போகாதவர், 'இனி எதற்கு?' என்று கைவிட வேண்டியதில்லை. மறுமுறை போனால் போதும்.

நான் பின்பற்றுவது இது. திங்கள், புதன், வெள்ளி, காலை ஆறு மணி, நாற்பது நிமிடம். முதல் மாதம் பஸ்கி, தண்டால், இலேசான டம்பெல் ஆகியவை மட்டுமே. அடுத்த அறை நண்பர் வந்து கதவைத் தட்டுவார். சில நாள் நான் அவர் கதவைத் தட்டுவேன். மார்கழி மூடுபனியில் போர்வையை விலக்க வைப்பது அந்த ஓசையே. விடுமுறையில் ஊருக்குச் சென்றால் மொட்டை மாடியில் தண்டாலும் பஸ்கியும் தொடரும். மாலைச் சமோசாவையும் தேநீர்ச் சர்க்கரையையும் நிறுத்தினேன். பதினான்கு மாதத்தில் 82 கிலோ 74 ஆயிற்று. மாதத்துக்கு அரை கிலோவுக்குச் சற்று மேல். விளம்பரத்துக்கு உதவாத எண்தான். எனக்கு அது போதும்.

"ஆய்வுக்கே நேரம் போதவில்லையே" என்பர் சிலர். வாரத்தில் 10,080 நிமிடங்கள் உள்ளன. நான் கேட்பது 120. உலக நலவாழ்வு நிறுவனம் 2020-ல் வகுத்த அளவு, வாரம் குறைந்தது 150 நிமிட மிதமான உழைப்பும் இருநாள் தசைப் பயிற்சியும் ஆகும். எஞ்சியதை ஆய்வுக்கூடத்துக்கு நடந்தே சென்று ஈடு செய்யலாம்.

நம் மன்றத்துக்கு ஒரு வேண்டுகோள். பொங்கலுக்கும் முத்தமிழ் விழாவுக்கும் கூடுகிறோம், நன்று. வாரம் மூன்று காலைப் பொழுதும் கூடுவோமே! விரும்புவோரை இருவர் இருவராக இணைத்து, ஒருவரை ஒருவர் எழுப்பச் செய்வோம். பதிவேட்டில் எடையை எழுத வேண்டா. வருகையை மட்டும் எழுதுவோம். மாணவியரும் தயக்கமின்றி வருவதற்கேற்ற நேரத்தை ஒதுக்குமாறு நிருவாகத்தை மன்றத்தின் பெயரால் கேட்போம். வீட்டை விட்டு வந்த நமக்கு விடியலில் எழுப்ப அன்னையார் இங்கில்லை. அக்கடமையை நமக்குள் நாமே ஏற்போம். வரும் திங்கட்கிழமை யார் கதவைத் தட்டப்போகிறீர்கள் என்பதை இன்றே முடிவு செய்யுங்கள்!