வேலையை விட்டால்தான் ஆல்பமா?

சொந்தமாக ஒரு ஆல்பம் போடப்போவதாக யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். உடனே ரெண்டு கோஷ்டி கிளம்பும். "பாட்டு சோறு போடுமா?" என்பது முதல் கோஷ்டி. "உண்மையான கலைஞன்னா வேலையைத் தூக்கி எறிஞ்சிட்டு இறங்கணும்" என்று உசுப்பேற்றுவது ரெண்டாவது. முதல் கோஷ்டியைத் திட்ட நிறைய பேர் இருக்கிறார்கள். ஆனால் அதிக ஆபத்து ரெண்டாவது கோஷ்டியால்தான்.

ராஜபாளையத்தில் நூற்பாலை வேலை, பக்கத்துச் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணித் தறி, ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கடை... பல வீடுகள் இந்தச் சம்பளத்தில்தான் ஓடுகின்றன. சேமிப்பு இல்லாதவர் வேலையை விட்டால், முதலில் அடகுக்குப் போவது கீபோர்டுதான்! உசுப்பேற்றியவர் வந்து வாடகை கட்டப்போவதில்லை. அப்பா பணம் இருப்பவர்களுக்குப் பொருந்தும் அறிவுரையைக் கலைக்கே இலக்கணமாக்குவது என்ன நியாயம்?

சரி, சாதித்தவர்கள் எல்லாம் அப்படித்தான் செய்தார்களா? இளையராஜா 'ஹவ் டு நேம் இட்' ஆல்பத்தை வெளியிட்டது 1986-ல். சினிமாவில் மூச்சுவிட நேரமில்லாத காலம் அது. படங்களை நிறுத்திவிட்டா அதைச் செய்தார்? ஏ.ஆர்.ரஹ்மான் 'ரோஜா' (1992) வருவதற்கு முன் விளம்பர ஜிங்கிள்களுக்கு இசையமைத்து வந்தார். அந்தக் காலத்திலேயே வீட்டில் சொந்த ஸ்டூடியோவும் வந்துவிட்டது.

"அவங்களுக்கு வேலையே இசைதானே" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அமெரிக்க இசையமைப்பாளர் ஃபிலிப் கிளாஸ் குழாய் ரிப்பேர் செய்தார், டாக்ஸி ஓட்டினார். 1976-ல் அவருடைய ஓபரா நியூயார்க்கின் பெரிய அரங்கில் நிறைந்த கூட்டத்துக்கு நடந்தது. அதன் பிறகும் டாக்ஸிதான். 41 வயதுவரை வேறு வேலை பார்த்தே பிழைத்தார். அவர் என்ன அரைக் கலைஞரா?

அவ்வளவு தூரம் போவானேன்? ஸ்ரீவில்லிபுத்தூர் பெரியாழ்வாருக்கு, மரபு சொல்வதுபடி, தினசரி வேலை நந்தவனம் பார்ப்பதும் மாலை கட்டுவதும். அவர் பெயரில் 473 பாசுரங்கள் இருக்கின்றன. அவரைப் 'பகுதிநேரக் கவிஞர்' என்று சொல்ல இந்த ஊரில் யாருக்காவது தைரியம் உண்டா?

அப்படியானால் தடை எது? பணம் ஓரளவுக்குத்தான். புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 1982-ல் வெளியிட்ட 'நெப்ராஸ்கா' வீட்டில் நாலு டிராக் கேசட் ரெக்கார்டரில் பதிந்தது. இன்றைக்கு ஒரு சுமாரான மைக், ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ், 'ஆடாசிட்டி' மாதிரி இலவச மென்பொருள் போதும், வேலையை ஆரம்பித்துவிடலாம். டிராக் டிராக்காகப் பதிவதால் எல்லாரும் ஒரே அறையில் உட்காரவும் வேண்டாம். ராஜபாளையத்தில் ஒருவர் தாளத்தைப் பதிந்து அனுப்பினால், ஸ்ரீவில்லிபுத்தூரில் இன்னொருவர் தன் ஷிப்ட் முடிந்து வந்து கிடார் சேர்க்கலாம்.

உண்மையான தட்டுப்பாடு நேரத்துக்குத்தான். ஒரு வாரம் பகல் ஷிப்ட், மறுவாரம் நைட் ஷிப்ட் என்றால் தூக்கமே ஒழுங்காக வராது. சாதகம் எங்கே வரும்? எட்டு மணி நேரம் பஞ்சுத் தூசியில் நின்ற தொண்டை வந்தவுடன் பாடவும் பாடாது. பெண்களின் பாடு இன்னும் மோசம். மில் ஷிப்ட் முடிந்தால் அடுப்படி ஷிப்ட். ஆண்டாள் பிறந்த ஊர் என்று பெருமை பேசும் வீட்டிலேயே, பெண் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மணி நேரம் பாடினால் "வேலை இல்லையா உனக்கு?" என்ற குரல் வரும்.

ஆகவே உசுப்பேற்றும் நண்பர்களே, ராஜினாமா கடிதம் எழுதச் சொல்லாதீர்கள். உங்கள் நண்பன் ஞாயிறு காலை ரெண்டு மணி நேரம் ரெக்கார்டிங் என்று சொன்னால் அந்த நேரத்தில் போன் பண்ணாதீர்கள். கல்யாணத்தில் பாடச் சொன்னால் பந்தல்காரருக்குக் கொடுப்பதுபோல அவனுக்கும் காசு கொடுங்கள். வீட்டில் தங்கை பாட உட்கார்ந்தால் அன்றைக்குப் பாத்திரத்தை நீங்கள் கழுவுங்கள். மில் நடத்துபவர்கள், ஷிப்ட் பட்டியலையாவது ஒரு மாதம் முன்னாடியே ஒட்டுங்கள்.

வாரம் ரெண்டு மணி நேரம் என்றாலும் வருஷத்துக்கு நூறு மணி நேரம். எட்டுப் பாட்டுள்ள ஒரு ஆல்பத்துக்கு அது தாராளம். சம்பளமும் நிற்காது, கீபோர்டும் வீட்டில் இருக்கும்.