நிரற் களஞ்சியமும் நிலைத்த முகவரியும்

திருக்குறளினின்று ஒரு குறளை எடுத்துக்காட்டும் புலவர் எவரும், அது தம் கையிலுள்ள பதிப்பில் எத்தனையாம் பக்கத்தில் உள்ளதெனச் சொல்வதில்லை. குறள் எண்ணையே சொல்வர். பக்க எண் பதிப்புத்தோறும் மாறும். குறள் எண் எல்லாப் பதிப்பிற்கும் பொது. இனி, அக்குறள் எண்தானும் இயல்பாகவே நிலைபெற்றதொன்றன்று. மணக்குடவர் கொண்ட வைப்புமுறை வேறு. பரிமேலழகர் கொண்ட வைப்புமுறை வேறு. பின்வந்தோர் பரிமேலழகர் முறையையே பொதுவாகக் கொண்டமையாலன்றோ, எண்ணைச் சொன்ன அளவில் சென்னையிலிருப்பாரும் யாழ்ப்பாணத்திலிருப்பாரும் ஒரே குறளைத் திறக்கின்றனர்!

இவ்வெளிய உண்மையைக் கணிப்பொறி நிரல்களுக்கு இணையக் களஞ்சியம் அமைத்தோர் நெடுநாள் எண்ணாது விட்டனர். நிரல் என்பது, கணிப்பொறி இன்னது செய்க என்று மாந்தர் எழுதிவைக்கும் கட்டளைத் தொடர். பெரிய நிரலொன்று பல்லாயிரம் கோப்புகளாய், அடைவினுள் அடைவாய் அடுக்கப்பட்டிருக்கும். பல நாட்டார் அதனை நாள்தோறும் திருத்துவர். எவர் எந்நாளில் எவ்வரியை மாற்றினார் என்பதையெல்லாம் விடாது காத்துவைக்கும் இடமே களஞ்சியம். அங்குள்ள ஒவ்வொரு கோப்பிற்கும், கோப்பினுள் ஒவ்வொரு வரிக்கும் முகவரி வேண்டும். பிழை கண்டவர் அதனை உடனுழைப்பார்க்குச் சுட்ட வேண்டும். கற்பவர் தம் உலாவியில் பக்கக்குறி இட்டுவைத்துப் பின்னொருநாள் அதே இடத்திற்கு மீள வேண்டும். முகவரி தவறின் இவ்விரண்டும் தவறும்.

இலினசு தோர்வால்ட்சு 2005-ஆம் ஆண்டில் கிட் என்னும் பதிப்புக் காப்பு நிரலை உருவாக்கினார். அதனுள் உள்ளவற்றை இணையத்தில் காட்டுதற்குக் கே சீவர்சு என்பார் எழுதிய கிட்வெப்பும் அவ்வாண்டிலேயே தோன்றியது. அது தந்த முகவரியின் கோலத்தைப் பாருங்கள்: முதலில் ஒரு வினாக்குறி, பின் ஓரெழுத்துச் சுருக்கமும் சமக்குறியும் களஞ்சியப் பெயரும், பின் அரைப்புள்ளி, மீண்டும் ஓரெழுத்து, செய்ய வேண்டிய செயலின் பெயர், மீண்டும் அரைப்புள்ளி, அதன்பின் நாற்பது குறிகள் நீண்ட ஓர் எண்! இதனைத் தொலைபேசியில் ஒருவர்க்குச் சொல்ல இயலுமா? தாளில் எழுதிக்கொடுத்தால் பிழையின்றி மீண்டும் தட்டுவார் உண்டா? பிற்பாடு, களஞ்சியப் பெயரையும் அடைவுப் பெயரையும் கோப்புப் பெயரையும் சாய்கோடிட்டு நேரே நிரல்பட எழுதும் முறை அதனுட் சேர்க்கப்பட்டது. இம்முறை படித்தற்கு எளியது, இயல்பாய்த் தோன்றுவது என்று அந்நிரலின் உட்குறிப்பே ஒப்புக்கொள்கின்றது. ஆயினும் அது தானே இயங்காது. நிறுவுவோர் விரும்பி முடுக்கினாலன்றி இயங்காதவாறு வைக்கப்பட்டுள்ளது. நல்லதைச் செய்து அதனை அடைத்தும் வைப்பது என்ன முறையோ!

2008-இல் தொடங்கப்பெற்ற கிட்கப் என்னும் களஞ்சிய நிறுவனம் படிக்கத்தக்க முகவரியையே பொதுநெறியாக்கியது. உரியவர் பெயர், களஞ்சியப் பெயர், கிளையின் பெயர், அடைவு, கோப்பு, கடைசியில் வரி எண் என்று அது செல்லும். கண்ணுற்ற அளவில் இஃது எதைச் சுட்டுகின்றதென விளங்கும். அத்துணையும் நன்றே. ஆனால் இங்கேதான் பக்க எண்ணின் குற்றம் மீண்டும் தலைகாட்டுகின்றது. கிளை என்பது வளர்ந்துகொண்டே இருப்பது. இன்று நாற்பதாம் வரியில் நின்ற கட்டளை, மேலே பன்னிரண்டு வரி சேர்க்கப்பட்டால் நாளை ஐம்பத்திரண்டாம் வரிக்குப் போய்விடும். முகவரியோ நாற்பதையே சுட்டிக்கொண்டு நிற்கும். பிழை இன்ன வரியில் உள்ளதென்று எழுதிய மடலை ஆறு திங்கள் கழித்துப் படிப்பவர், அங்குத் தொடர்பில்லாத வேறொரு வரியைக் கண்டு எழுதியவரையே ஐயுறுவர்.

கிட்வெப்பில் அருவருப்பாய்த் தோன்றிய அந்நாற்பது குறி எண்ணின் அருமை இங்கே புலப்படும். அது கோப்புகளின் உள்ளீட்டையும் அவற்றின் முன்வரலாற்றையும் சேர்த்துக் கணித்துப் பெறப்படுவது. உள்ளே ஓரெழுத்து மாறினும் எண்ணும் மாறும். ஆகவே அது பதிப்பை ஐயமறச் சுட்டும். கிளைப்பெயர் இருந்த இடத்தில் அவ்வெண்ணை வைத்துவிட்டால், அடைவும் கோப்பும் படிக்கத்தக்கனவாகவே இருக்க, சுட்டும் இடமும் நிலைத்துவிடும். கிட்கப்பில் ஆங்கில ஒய் எழுத்தை அழுத்தினால் முகவரி இவ்வாறு மாறிக்கொள்ளும். பயன்படுத்துவோருள் எத்துணைப் பேர் இதனை அறிவர்? மாறக்கூடியதை முன்னே வைத்து, நிலைத்ததை ஓர் எழுத்தின் பின்னே மறைப்பது தலைகீழ் முறை. ஒருவர் ஒரு வரியைத் தொட்டுத் தொடுப்பைக் கேட்கும்போது நிலைத்ததையே முதலிற் கொடுத்தல் வேண்டும். மாறுவதை வேண்டுவோர் தனியே கேட்டுப் பெறட்டும்.

இணையத்தை வகுத்த திம் பெர்னர்சு இலீ, நல்ல முகவரிகள் மாறுவதில்லை என்னும் கருத்தை 1998-இலேயே ஒரு கட்டுரையாக எழுதிவைத்தார். கேட்டவர் சிலரே. அமெரிக்க உச்ச முறைமன்றத் தீர்ப்புகளில் காட்டப்பட்ட இணைய முகவரிகளுள் ஏறத்தாழப் பாதி, முன்பு சுட்டிய செய்தியை இப்போது சுட்டுவதில்லை என ஆர்வர்டு சட்டப்பள்ளி ஆய்வு 2013-இல் காட்டியது. கூகுள் நிறுவனம் தன் நிரற் களஞ்சியத்தை மூடுவதாக 2015-இல் அறிவித்து 2016 சனவரியில் மூடியது. பிரெஞ்சு நாட்டு இன்ரியா ஆய்வு நிறுவனம் 2016-இல் வெளிக்கொணர்ந்த மென்பொருள் மரபுக் காப்பகம், இருக்குமிடத்தை நோக்காமல் உள்ளீட்டையே கொண்டு முகவரி அமைக்கின்றது. களஞ்சியம் மூடினும் அம்முகவரி பிழைத்திருக்கும்.

இவையெல்லாம் எம்மொழியார்க்கும் பொதுவான குறைகள். தமிழில் பெயரிடுவார்க்கு இவற்றின்மேல் வேறு சுமைகளும் ஏறுகின்றன.

இணைய முகவரியில் உரோமன் எழுத்தும் எண்ணும் ஒருசில குறிகளுமே நேரே செல்லும். பிறவெல்லாம் விழுக்காட்டுக் குறியிட்டு உடைக்கப்படும். ஒருங்குறியில் தமிழின் மெய்வரிவம், உயிர்க்குறி, புள்ளி ஆகிய ஒவ்வொன்றும் தனி உருவாக வைக்கப்பட்டுள்ளது. ஒவ்வோர் உருவும் முகவரியில் ஒன்பது குறிகளாக விரியும். எனவே 'தமிழ்' என்னும் மூவெழுத்துச் சொல் 45 குறிகளாகவும், 'களஞ்சியம்' என்னும் ஆறெழுத்துச் சொல் 81 குறிகளாகவும் உப்பிவிடுகின்றன. தமிழெழுத்தையே முகவரியில் எழுதலாமென்னும் நெறி 2005-இலேயே வகுக்கப்பட்டுவிட்டது. உலாவிகளும் முகவரிப் பட்டையில் தமிழையே காட்டுகின்றன. ஆனால் அதனைப் படியெடுத்து மடலில் ஒட்டினால் பல உலாவிகளில் தமிழ் மறைந்து விழுக்காட்டுக் குறிகளே வந்து விழுகின்றன. படிக்கத்தக்க தொடுப்பு என்பது ஆங்கிலத்தார்க்கு மட்டும் படிக்கத்தக்கதாய் முடிகின்றது.

கிட்டின் உள்ளேயும் இதே நிலைதான். கோப்பிற்குத் தமிழ்ப்பெயரிட்டு அதன் நிலையைக் கேட்டால், 'க' என்னும் ஓரெழுத்திற்கு 340, 256, 225 என்று பிற்சாய்கோட்டுடன் மூன்று எண்களை அது காட்டும். ஒரே ஓர் அமைவை மாற்றினால் தமிழ் தமிழாகவே தெரியும். அம்மாற்றத்தைச் செய்யாத நிலையே இயல்பு நிலையாக வைக்கப்பட்டுள்ளது.

இவற்றினும் கொடியது வேறொன்று. கட்டுரைத் தலைப்பினின்று தொடுப்புப் பெயரை உருவாக்கும் நிரல்கள் சில, எழுத்து என்னும் வகையை மட்டும் வைத்துக்கொண்டு, குறி என்னும் வகையைக் களைந்துவிடுகின்றன. ஆங்கிலத்திற்கு அதனால் இழப்பில்லை. தமிழிலோ உயிர்க்குறியும் புள்ளியும் அக்குறி வகையிலேயே அடைக்கப்பட்டுள்ளன. ஆகவே 'தமிழ்' என்பது 'தமழ' ஆகின்றது. 'கோப்பு' என்பது 'கபப' ஆகின்றது. புள்ளியும் கொம்பும் எழுத்தின் உறுப்பென்பது திண்ணைப்பள்ளிப் பிள்ளையும் அறிந்தது. ஒப்பனை போலும் எனக் கருதி அவற்றை அரித்துத் தள்ளும் நிரலை எழுதியவர் தீயவரல்லர். தம் மொழிக்கு வெளியே எழுத்து எவ்வாறு அமையும் என்று ஒருகாலும் கேட்டறியாதவர். திருத்தமும் அரியதன்று. எழுத்தொடு குறியையும் சேர்த்துக்கொள்ளுமாறு ஒரு வரியை மாற்றினால் போதும்.

கிட்கப்பில் களஞ்சியத்திற்கே தமிழ்ப்பெயர் இட முனைந்தால் அதுவும் முடிவதில்லை. உரோமன் எழுத்தும் எண்ணும் மூன்று குறிகளுமே அங்கு ஏற்கப்படும். தமிழெழுத்துகள் வெறும் இடைக்கோடுகளாக மாற்றப்படும். இதனால் தமிழிளைஞர் தம் ஆக்கங்களுக்கு உரோமன் எழுத்திலேயே பெயரிட்டுவிடுகின்றனர். பொறிக்கு ஆங்கிலந்தான் விளங்கும் என்று அதற்கு விளக்கமும் சொல்கின்றனர். பொறிக்கு ஆங்கிலமும் விளங்காது. அதற்கு எல்லாம் எண்ணே. ஒருங்குறி எண்ணால் எழுதப்பட்ட தமிழைப் பொறி தடையின்றிக் காக்கின்றது. மேலே அமர்ந்து விலக்குவன மாந்தர் வகுத்த விதிகள். நாட்டுப் பெயராக வரும் இலங்கை, இந்தியா, சிங்கப்பூர் என்னும் முகவரிக் கடைப்பெயர்கள் தமிழெழுத்திலேயே 2010, 2011 ஆகிய ஆண்டுகளில் இணையத்தில் ஏறிவிட்டன. நாட்டின் பெயரை ஏற்ற முகவரி, ஒரு களஞ்சியத்தின் பெயரை ஏற்க மறுப்பதற்குக் கரணியம் யாதுமில்லை.

அவ்விதி மாறும்வரை களஞ்சியப் பெயர் எவ்வாறிருப்பினும், உள்ளே அடைவிற்கும் கோப்பிற்கும் தமிழ்ப்பெயர் இடுவதைக் கிட் மறுப்பதில்லை. அவ்வாறு இட்டு, தொடுப்பு எங்கே உடைகின்றது, தலைப்பில் எங்கே புள்ளி உதிர்கின்றது என்று அந்நிரலை எழுதியோர்க்கே பிழைக்குறிப்பாக எழுதி விடுக்கலாம். நிலைத்த முகவரியோடு எழுதுக. இல்லையேல் அக்குறிப்பு சுட்டும் வரியும் ஆறு திங்களில் இடம் மாறிவிடும்.